பழுப்பும் சிவப்பும்: ஒரு பரிசோதனைக்காக மதுரையில் நான்கு நாள்

பிப்ரவரி இரண்டாம் வாரம், செவ்வாய் முதல் வெள்ளி வரை, மதுரையிலும் கொட்டாம்பட்டிப் பக்கமும் இருந்தேன். வழக்கமாக ஊர் திரும்பிய இரண்டொரு நாளில் பயணத்தை எழுதிவிடுவேன். இதற்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுதலாமா என்ற யோசனையில் பாதி நாள் போனது. மீதி பயத்தில் போனது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்தில் நான் நூலகராக வேலை பார்க்கும் கல்லூரியில் டிசம்பரில் பெண் ஊழியர்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றோடும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான வைரஸ் பரிசோதனையும் இருந்தது. நாற்பத்து நான்கு வயது வரை நான் அதை எடுத்ததில்லை. தோழிகள் வரிசையில் நின்றதால் நானும் நின்றேன். அந்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸ் எனக்கு இருக்கிறது என்று முடிவு வந்தது.

எங்கள் ஊர் டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். வைரஸ் இருப்பது நோய் இல்லை. நிறையப் பெண்களுக்கு வந்து தானாகப் போய்விடும். சிலருக்குத் தங்கிப்போய் அங்கிருக்கும் செல்களைக் கெடுக்க ஆரம்பிக்கும். எனக்கு எது என்பதுதான் கேள்வி. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்தச் செல்களை எடுத்து, அவற்றில் இரண்டு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள், அது தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்யலாம் என்றார். வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, அந்த வைரஸ் பற்றி இணையத்தில் படித்தது. இரண்டாவது வேலை, படித்ததற்காக அழுதது. முதல் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம்.

கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். மகள் திருச்சியில் விடுதியில் படிக்கிறாள். இருவரிடமும் மதுரையில் நூலகர்களுக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். காலை ஆறரைக்கு பஸ் ஏறினேன், ஒன்பதரைக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினேன். மானாமதுரைக்கு அப்புறம் வழியெல்லாம் கருவேல மரமும் வெயிலும்தான். அந்த ரோட்டைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இந்த முறை எதையும் நான் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு வெளியே ஆட்டோவில் ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னேன். இருநூறு கேட்டு நூற்றைம்பதுக்குச் சம்மதித்தார். ஜாபர் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஐம்பது வயதிருக்கும். கொஞ்ச தூரம் போனதும், யாருக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டார். மதுரையில் ஆட்டோக்காரர்கள் இப்படிக் கேட்பது வம்புக்கு அல்ல, அக்கறைக்குத்தான். எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயில் வந்தது, "எங்க அக்காவுக்குண்ணே."

"சின்ன வயசா?"

"நாப்பத்தொம்பது."

"அல்லா லேசாக்கி வைப்பான். துஆ செய்றேன்மா. என் நம்பர் வச்சுக்கங்க, அக்காவ கூட்டிட்டுப் போறப்ப பஸ்ஸுல கஷ்டப்படுத்தாதீங்க."

அக்கா அந்த நேரத்தில் கொட்டாம்பட்டிப் பக்கத்தில், ஒரு குறையும் இல்லாமல், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் செல்லை எடுத்த வேலை ஐந்து நிமிடம் இருக்காது. கூச்சம் உண்டு, வலி என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து ஒரு குப்பியில் போட்டார்கள். எனக்கு அதைவிட அதற்கு முன்னால் டாக்டர் விளக்கியதுதான் மனதில் நின்றது. என்னைவிட இளையவர். வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே சொன்னார்.

இரண்டு புரதங்கள். ஒன்றின் பெயர் பி16. அது செல்லுக்குள் இருக்கும் பிரேக், பெருகாதே என்று நிறுத்துவது. இன்னொன்று கேஐ-67. செல் பெருகிக்கொண்டிருக்கும்போது மட்டும் தென்படுவது. ஒழுங்கான செல்லில் இரண்டும் சேர்ந்து இருக்க வழியில்லை, ஏனென்றால் நின்ற செல் பெருகாது. வைரஸ் உள்ளே போய்க் கட்டுப்பாட்டைக் குலைத்துவிட்டால் மட்டும், செல் பிரேக்கை மேலும் மேலும் உண்டாக்கிக்கொண்டே பெருகவும் செய்யும். சாயம் போட்டுப் பார்த்தால் முதலாவது பழுப்பாகத் தெரியும், இரண்டாவது சிவப்பாக. பழுப்புக்கு நடுவே சிவப்பு இருக்கிற செல் ஒன்று இருந்தால்கூட அடுத்த கட்டத்துக்குப் போவோம். இல்லையென்றால் ஒரு வருடம் கழித்து வந்தால் போதும்.

முன்பெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். செல்லின் உருவத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வோம், பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து அது மாறும், இல்லாவிட்டால் வைரஸ் இருந்த எல்லோரையும் கருவி வைத்துப் பார்க்க அனுப்புவோம், பல பேருக்கு அது வீண் அலைச்சல் என்றார். வெளியே ஒரு மேசையில் ஆராய்ச்சிக்காக உட்கார்ந்திருந்த பெண், நானே குளியலறையில் பஞ்சுக் குச்சியால் எடுத்துத் தரக்கூடிய ஒரு மாதிரியையும் கேட்டாள். பெண்கள் தாங்களே எடுத்துக்கொடுப்பதில் உள்ள புரதங்களை வைத்தே இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். முடிந்தால் ஊரில் இருந்தபடியே போதும், இவ்வளவு தூரம் வர வேண்டாம். இன்னும் ஆராய்ச்சிதான், உங்களுக்கு இதில் முடிவு எதுவும் சொல்ல மாட்டோம் என்றும் நேர்மையாகச் சொன்னாள். கொடுத்தேன்.

கிளம்பும்போது நர்ஸ், "வெள்ளிக்கிழம பதினோரு மணிக்கு வாங்க. தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். "எல்லார்ட்டயும் சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

உண்மையிலேயே எல்லோரிடமும் சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ளத் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றேன். இரண்டு டம்ளர் குடித்தேன். அடுத்த பெண் வெளியே வந்தபோது நர்ஸ் உள்ளே போய்விட்டார். குப்பியைப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் துணை கேட்கிறார்கள் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். குப்பியில் கண்ணால் பார்க்க ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தும்.

துணைக்கு யார் என்று யோசித்தால் ஒரே ஆள்தான். வசந்தா அக்கா, என் பெரியம்மா மகள். கொட்டாம்பட்டியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறாள். மச்சான் நான்கு வழிச்சாலை ஓரம் டயர் கடை வைத்திருக்கிறார். அவள் வீட்டில் மூன்று நாள் தங்கி, எப்படியாவது சொல்லி, வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வருவது என்று திட்டம்.

வெறுங்கையோடு போகக்கூடாதே என்று கோயில் பக்கம் போய் தெற்கு மாசி வீதியில் ஒரு சுங்குடிக் கடையில் ஏறினேன். கணவனும் மனைவியுமாக உட்கார்ந்திருந்தார்கள், தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டார்கள். அவர் முதலில் விரித்த சேலை பழுப்பு நிறம். உடல் முழுக்கச் சிவப்புப் புள்ளி. நூலால் முடிந்து சாயத்தில் முக்கியது, ஒவ்வொரு புள்ளியும் கைவேலை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் அதைப் பார்க்காமல் அவர் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது அக்கா நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று மறுபடி அதையே இழுத்துப் போட்டார். மனைவி அவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "அவருக்கு இந்தக் கலர்னா பைத்தியம். நீங்க பச்சையப் பாருங்க" என்றார். பச்சையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். மதுரை போகிறவர்கள் சுங்குடி வாங்காமல் வராதீர்கள். நல்ல சரக்கு. குறை என் கண்ணில்தான்.

கொட்டாம்பட்டிக்கு மாட்டுத்தாவணியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மணி நேரம். ஒரு விஷயம் கவனியுங்கள். திருச்சி போகும் விரைவுப் பேருந்துகள் பல ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். மேலூர் தாண்டி ஒரு ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அடிவரை மிதித்தார். பஸ் கொஞ்சம் வழுக்கி நின்றது. மிதித்த கால் அப்படியே இருக்க, வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அதற்கப்புறம் கொட்டாம்பட்டி வரை அவர் காலையே பார்த்துக்கொண்டு போனேன்.

மச்சான் வண்டியோடு வந்து நின்றார். "கொழுந்தியா வருதுனு கோழிக்குத் தெரிஞ்சுபோச்சு, காலைல இருந்து ஆளக் காணோம்" என்றார். வெற்றிலை மென்றுகொண்டுதான் பேசுவார், பாதி நமக்குக் கேட்காது.

புதன்கிழமை முழுக்க அக்காவிடம் சொல்ல முடியவில்லை. காலையில் பால்காரர். மதியம் பக்கத்து வீட்டுப் பெண்கள் சேலை பார்க்க வந்தார்கள். அக்கா மகளிர் குழுத் தலைவி, வீட்டில் ஆள் ஓயாது. சாயங்காலம் அடுப்படியில் தனியாக இருந்தபோது ஆரம்பித்தேன், மச்சான் காபி கேட்டு வந்தார். அந்தச் சொற்களை வீட்டுக்குள் எப்படிச் சொல்வது என்பதும் தெரியவில்லை. புத்தகத்தில் ஆயிரம் தடவை படித்த சொற்கள்தான்.

வியாழக்கிழமை காலை, அழகர்கோவில் போவோம், கிளம்பு என்றாள் அக்கா. மேலூர் வந்து அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மேலூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பஸ் அடிக்கடி கிடையாது, எங்களுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. வழியில் மாந்தோப்புகளில் பூ விட்டிருந்தது. கோயிலில் கையில் எதையும் வைத்திருக்காதீர்கள், குரங்குகள் பையையே பிடுங்கும். பிரசாதக் கடையில் தோசை வாங்குங்கள். கனமாக, மிளகு வாசத்தோடு இருக்கும், ஒன்று இரண்டு பேருக்குப் போதும்.

அழகரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அக்கா என்னைப் பதினெட்டாம்படிக் கருப்பசாமி முன்னால் நிறுத்தினாள். சந்தனம் அப்பிய பெரிய கதவு. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அது வழக்குத் தீர்க்கும் இடம். பணத்தகராறு, வரப்புத் தகராறு எதுவானாலும் இங்கே வந்து நின்று சத்தியம் செய்தால் முடிந்தது. இங்கே பொய் சொல்ல இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

"நேத்து ராத்திரி மூணு தடவ பேச வந்து முழுங்கிட்ட" என்றாள். "மச்சான், கொழுந்தியா காசு கேக்க வந்திருக்கும் போலனு சொல்றாரு. எனக்கு அப்பிடித் தெரியல. இங்க வச்சுக் கேக்குறேன் கலா. என்ன விசயம்?"

சொன்னேன். முகாம், வைரஸ், சாயம், வெள்ளிக்கிழமை எல்லாம். சுற்றி ஆள் இருந்ததால் குரல் தானாக இறங்கியது. ஆனாலும் கர்ப்பப்பை வாய் என்று சொல்லிவிட்டேன். அக்கா சிறிதும் பதறவில்லை.

"அந்த டெஸ்ட்டா? இதுக்கா இம்புட்டு யோசன? நாங்க குழுவுல பதினாலு பேரும் போன வருசமே எடுத்துட்டோம். ஒருத்திக்கும் ஒண்ணும் இல்லனுட்டாங்க."

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே விஷயம் தெரிந்த ஆள் இருக்கிறாள். அவளுக்கு எப்படி இருந்தது, வலித்ததா என்று கேட்டேன்.

"என்னத்த வலி? பள்ளிக்கூடத்துல பெஞ்சுல உக்கார வச்சு, வாயத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. வெத்தல போடுவியா, பொகையில போடுவியானு கேட்டாங்க. ரெண்டு பேருக்குச் சொத்தப்பல்லு, அதையும் புடுங்கிவிட்டாங்க."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்தும் விட்டேன். அக்காவும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். நான் குரலை இறக்கிச் சொன்னதில் அவள் காதில் வாய் மட்டும்தான் விழுந்திருக்கிறது. பிறகு நான் அவளுக்கு எந்த வாய் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். ஊருக்கு வரும் நர்ஸம்மா குழுக் கூட்டத்தில், முப்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் வந்து வாய் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வாசலில் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்ததால் முன்னால் இருக்கிற கர்ப்பப்பை என்ற சொல்லை விட்டுவிட்டார். அடுத்த வாரமே பல் மருத்துவ முகாம் ஒன்று வந்தது. குழுவே போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தது. அப்புறம் நர்ஸம்மா வந்து, வாய் டெஸ்ட் எடுத்தாச்சா என்று கேட்டபோது பதினாலு பேரும் எடுத்தாச்சு என்றார்கள். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவர்களுக்கும் திருப்தி. யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் கணவரிடம் பயிற்சி என்று சொல்லிவிட்டு வந்தவள்தான்.

அக்கா கல்படியில் உட்கார்ந்துவிட்டாள். தோசைப் பொட்டலம் மடியில் இருந்தது. ஒரு குரங்கு கிட்டே வந்து நின்றது, அவள் விரட்டவில்லை.

"நாந்தான எல்லார்ட்டயும் சொன்னேன்" என்றாள். "மல்லிகா இடுப்பு வலிக்குதுனு சொன்னப்பக்கூட, ஒனக்குத்தான் டெஸ்ட்டு எடுத்தாச்சே, சும்மா கெடனு சொன்னேன்."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"செத்துருவோம்னு பயமா இருக்கா?"

"ஆமா."

டாக்டர் உட்பட யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அவள் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "நாளைக்கு நான் வாரேன். மச்சான்ட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அதற்குள் குரங்கு தோசையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினோம். அக்காவுக்குப் பஸ்ஸில் தலைசுற்றல், டவுன் பஸ் மாற வேண்டாம் என்று ஜாபர் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் வந்து நின்று அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை அவரிடம் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அன்னைக்குச் சொன்னீங்களே, இவுகதானா அந்த அக்கா? பாத்தா ஒண்ணும் தெரியலயே, நல்லாத்தான இருக்காக."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே, நாந்தேன்" என்றாள். "இவ தொணைக்கு வந்திருக்கா."

வழி முழுக்க அவர் அக்காவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். தன் தங்கைக்கு ஆபரேஷன் ஆன கதை, எந்தக் கடையில் சூப் நன்றாக இருக்கும், எல்லாம். அக்கா ஒவ்வொன்றுக்கும் சரிண்ணே, சரிண்ணே என்றாள். அந்தத் தைரியம் முழுவதையும் நான்தான் எடுத்துக்கொண்டேன் என்பது அவருக்குத் தெரியாது. இறங்கும்போது அக்காவிடம் காசு வாங்க மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தோம்.

காத்திருந்த நேரத்தில் நர்ஸ் வருகிற எல்லோரிடமும் துணைக்கு ஆள் கூட்டி வாருங்கள் என்று சொல்வதைக் காதால் கேட்டேன். ஊசி போட வந்த கல்லூரிப் பெண்ணிடம்கூடச் சொன்னார். மூன்று நாள் தூங்காமல் இருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அக்காவையும் உட்காரச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது.

சில செல்களில் இரண்டு நிறமும் சேர்ந்து இருக்கின்றன என்றார். நிறைய இல்லை. ஆனால் இருக்கின்றன. இதற்குப் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, உள்ளே கருவி வைத்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், இன்றைக்கே பார்த்துவிடலாம் என்றார். நான் தலையாட்டினேன். திரையில் அந்தப் படத்தைக் காட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அக்கா நான் பார்க்கிறேன் என்று எழுந்து போய்ப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

"இம்புட்டா இருக்கும்போதே பாக்கத்தான் இதெல்லாம்" என்றார் டாக்டர்.

கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவினார்கள். கெட்ட இடம் இருந்தால் வெளுத்துத் தெரியுமாம். வெளுத்தது. கிள்ளுவது போல இரண்டு இடத்தில் சதை எடுத்தார்கள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டு, மச்சான் காலையில் தனியாக உப்புமா கிண்டிச் சட்டியைக் கருக்கிய கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நர்ஸ் சிரித்துவிட்டு, கொஞ்சம் மெதுவாப் பேசுங்கக்கா என்றார். எல்லாம் முடிந்ததும் அக்கா டாக்டரிடம் போய், வந்தது வந்துட்டேன், எனக்கும் அந்த மொத டெஸ்ட்ட எடுத்துருங்க என்றாள்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் அப்படியே விட்டால் அதுவாக மாறக்கூடிய மாற்றம். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வது, அன்றே வீட்டுக்குப் போகலாம். எடுத்ததைப் பார்த்த பிறகுதான் மீதி தெரியும் என்றார்கள். இந்த மாதம் மூன்றாம் புதன்கிழமை தேதி. அக்காவுக்கு வைரஸ் இல்லை.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். முதலில் பயிற்சி எதுவும் இல்லை என்பதைச் சொல்லி, பிறகு மற்றதை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். லீவு கேட்டிருக்கிறார், கிடைக்குமா தெரியவில்லை.

இதேபோல் போக வேண்டியிருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, நான் தெரியாமல் பட்டினி கிடந்தேன். முதல் கட்டப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே செய்கிறார்கள், ஆனால் இந்தச் சாயப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது. உங்கள் டாக்டரிடம் கேட்டு, செலவையும் முடிவு வரும் நாளையும் முன்பே தெரிந்துகொண்டு கிளம்புங்கள். முடிவு வரும் நாளில் மதியப் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்யாதீர்கள், என்னைப் போல அன்றே அடுத்ததும் நடக்கலாம். நீங்கள் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று நினைத்தால், எங்கே என்ன எடுத்தார்கள் என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். பெயரை முழுசாகக் கேளுங்கள், முழுசாகச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. காலையில் கண் விழித்து, இரண்டு நொடி நன்றாக இருந்து, பிறகு ஞாபகம் வருகிறது. பழுப்பு நிறத்தில் எதையும் இன்னும் உடுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். உனக்கு என்றைக்குத் தேதி என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டாள். குழுவில் மல்லிகா தவிர மீதிப் பன்னிரண்டு பேருக்கும் அதே புதன்கிழமை அந்த ஆஸ்பத்திரியிலேயே பரிசோதனைக்குச் சொல்லி வைத்துவிட்டாளாம். மல்லிகாவை மட்டும் காத்திருக்க விடவில்லை, போன வாரமே தனியாகக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டாள். அவளுடைய முடிவு இன்னும் வரவில்லை.

"வேன் பேசியாச்சு" என்றாள். "வேன்காரன் என்ன டெஸ்ட்டுனு கேட்டான். முழுசாச் சொன்னேன். மச்சான் பக்கத்துல நின்னாரு, வெத்தலைய முழுங்கிட்டாரு."

நான் முதல் நாளே கொட்டாம்பட்டி வந்துவிட வேண்டுமாம், எல்லோரும் சேர்ந்து போகிறோமாம். மற்றவர்களுக்கு வழி காட்ட ஆள் வேண்டும் என்றாள். அந்தப் புதன்கிழமையை நான் இதுவரை காலண்டரில் பார்க்காமல் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். வேனில் எனக்கு ஜன்னலோரம் ஒரு இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.